கரடித் தாயும் இருக்கைக்கு அடியில் ஒளித்த கமராவும்

1

என் மகளின் கமராவைப் பறித்து ஜீப் இருக்கைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் என் சால்வையைப் போட்டு மூடினேன். அதே நேரத்தில், எங்களுக்கு முன்னால் முப்பது யார் தூரத்தில், ஒரு கரடி இரண்டு குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பாதையைக் கடந்து போனது.

இது நடந்து ஐந்து நாட்களாகின்றன. இதை வெள்ளவத்தையில், என் அண்ணாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் மேசையில் தண்ணீர்க் குவளை நடுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை எட்மண்டனுக்குத் திரும்ப இரண்டு டிக்கட் இருக்கிறது, ஒன்று எனக்கு, மற்றது மகள் ஆரணிக்கு. அவளுடைய டிக்கட் பாவிக்கப்படுமா இல்லையா என்பதை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. நேற்றுத்தான் முழுதாகச் சொன்னேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வில்பத்துக் காட்டில் அது எங்களுக்கு இரண்டாவது நாள். பாலைப்பழக் காலம். கரடிகள் பாலைப்பழத்துக்காக வெளியே வரும் என்பதால்தான் ஆரணி இந்த மாதத்தைத் தெரிந்தெடுத்தாள். முதல் நாள் முழுக்க மான், மயில், வாயைத் திறந்தபடி கிடந்த ஒரு முதலை. இரண்டாம் நாள் காலை ஒரு வளைவில் திரும்பியபோது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். அதில் இரண்டு பேர், பச்சைச் சீருடை, சப்பாத்து, பின்னால் இருந்தவரின் தோளில் துவக்கு. முன்னால் இருந்தவர் உள்ளங்கையைக் காட்டி எங்களை நிறுத்தினார்.

அவர்கள் காட்டிலாகாக் காவலர்கள். முன்னால் கரடி குட்டிகளோடு நிற்கிறது, சத்தம் போடாமல் நில்லுங்கள் என்று சொல்லத்தான் கையைக் காட்டினார்கள். நான் கண்டது சீருடையையும் துவக்கையும் அந்தக் கையையும் மட்டும். என் கைகள் என்னைக் கேட்காமலே வேலையைச் செய்துவிட்டன.

"கரடி! குட்டியோட ஈக்குது!" என்று ஜீப் ஓட்டும் ரிஸ்வி நானா மூச்சாலேயே சொன்னார்.

ஆரணியின் கை வெறும் இருக்கையைத் தடவியது. "அம்மா, என்ர கமரா எங்க? அம்மா! கமரா!"

நான் அவளுடைய கையைப் பிடித்து அமுக்கினேன். எழுந்து நின்று, காவலரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னேன்: "கமரா எகக் நே, மஹத்தயா." கமரா எதுவும் இல்லை, ஐயா.

அந்த மனிதர் திகைத்துப் போனார். அவருடைய முதுகுக்குப் பின்னால் கரடி தன்பாட்டில் நடந்து, பற்றைக்குள் இறங்கி, மறைந்தது. எட்டு செக்கன் இருக்கும் என்று ரிஸ்வி நானா பிறகு சொன்னார். ஆரணி அந்த எட்டு செக்கனுக்காக மூன்று வருடம் காத்திருந்தவள்.

2

எட்மண்டனில் நான் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். இருபத்துநான்கு வருடங்களாகக் கனடாவில் இருக்கிறேன், அதில் பதினாறு வருடங்கள் அந்த மேசையில். காலையில் ஏழு மணிக்குக் காரில் இருக்கும் பனியைச் சுரண்டுவேன். என் பெயரின் கடைசி இரண்டு அசைகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தால் என்னை அழைப்பார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். கணவர் இரவு வேலை முடித்து வரும்போது நான் வெளிக்கிடுவேன், படியில் கண்டு கதைப்போம். இதில் குறை எதுவும் இல்லை. யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. அதற்காகத்தான் போனோம்.

ஆரணிக்கு ஒன்பது வயதிருக்கும்போது மலைப்பக்கம் சுற்றுலா போனோம். வீதியோரத்தில் ஒரு கறுப்புக் கரடி, பின்னால் ஒரு குட்டி, பூப் பறித்துத் தின்றுகொண்டு நின்றன. கார்கள் வரிசையாக நின்றன. நான் செய்தது, கண்ணாடியை ஏற்று, கதவைப் பூட்டு என்று கத்தியது. அவள் செய்தது, ஏற்றிய கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியபடி, "அம்மா, அவை சாப்பிடினம்" என்று மெல்லச் சொன்னது. கரடிக்கும் மரியாதை. வீட்டில் நாங்கள் பெரியவர்களைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டுப் பழகிய தமிழ், பூனைக்கும் நாய்க்கும்கூட அவள் அப்படித்தான் சொல்வாள். நான் திருத்தவில்லை. திருத்தினால் இருக்கிற தமிழும் போய்விடும் என்ற பயம்.

பிறகு அவள் காட்டு விலங்குகளைப் பற்றிப் படிக்கப் போனாள். கோயிலில் சனம், "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்கும். "உயிரியல்" என்பேன். "ஓ, மெடிசினுக்கோ?" என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள். நான் சிரிப்பேன். பொய் சொல்லவில்லைத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடம் படிப்பு முடிந்தது. வேலை தேடுவாள் என்று நாங்கள் இருக்க, அவள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். இலங்கையில் கரடிகளை ஆராயும் சிறிய குழுவொன்று அவளை ஆறு மாதத்துக்கு அழைத்திருந்தது. ஒரு தாய்க் கரடியையும் அதன் குட்டிகளையும் தொடர்ந்து படமெடுத்துக் குறிப்பெழுதவேண்டும், குட்டிகள் முதுகை விட்டு முற்றாக இறங்கும்வரை. உலகத்தில் இத்தனை நாடு இருக்க இலங்கை! நாங்கள் எங்கிருந்து ஓடிவந்தோமோ அங்கே என் பிள்ளை தனியாக, காட்டில், கமராவோடு.

கணவர், "அவளுக்கு இருபத்திரண்டு வயசு" என்றார். "அதுதான் பயம்" என்றேன்.

ஆரணி சண்டை பிடிக்கவில்லை. "அம்மா, நீங்களும் வாங்கோ. நாலு நாள் என்னோட காட்டில இருங்கோ. அதுக்குப் பிறகும் வேண்டாம் எண்டு சொன்னா நான் உங்களோட திரும்பி வாறன். ப்ரொமிஸ்."

இதைவிட அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

3

கரடி போன பிறகு அன்று முழுவதும் ஆரணி என்னோடு கதைக்கவில்லை. கமராவை எடுத்துத் தூசி தட்டி மடியில் வைத்துக்கொண்டாள். ரிஸ்வி நானா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார்.

"பரவால்ல மகள், கரடி நமக்குக் கோபிச்சிட்டுப் போகல்ல. பழம் முடியுமட்டும் இந்தப் பக்கம்தான் சுத்தும்." பிறகு என்னைக் கண்ணாடியில் பார்த்தார். "ஆனா அக்கா, நான் இருவது வருசமா ஜீப் ஓட்டுறன். யானையக் கண்டு கத்தினவங்கள பாத்திருக்கிறன். சிறுத்தையக் கண்டு மயங்கினவங்கள பாத்திருக்கிறன். கமராவ ஒளிச்சவங்கள இப்பதான் பாக்கிறன்."

பின்னேரம் விடுதிக்குத் திரும்பி வந்து, முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஆரணி நிமிராமல் கேட்டாள்.

"ஏன் அப்பிடிச் செய்தீங்கள்? எனக்கு வேலை கிடைக்கக்கூடாது எண்டோ?"

அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாத ஒன்றை அந்த முற்றத்தில் வைத்துச் சொன்னேன்.

எனக்குப் பதினெட்டு வயது முடிந்த நாள். அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அண்ணா வேலைசெய்த இடத்தில் ஒரு நண்பரிடம் கமரா இரவல் வாங்கி வந்தார். வீட்டுக்குள் வெளிச்சம் காணாது என்று மொட்டை மாடிக்கு ஏற்றினார். புதுச் சட்டை, இரண்டு பின்னல். "கொஞ்சம் இடப்பக்கம் நில். சிரி. பல்லுத் தெரியச் சிரி" என்றார். நான்கு படம். எனக்குப் பின்னால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வரிசையாக நின்றன. எங்கள் மாடியில் எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் அவை பின்னால் நிற்கும். நாங்கள் அவற்றைக் கவனித்ததேயில்லை, காகத்தைக் கவனிக்காதது மாதிரி.

அது யுத்த காலம். படங்கள் கழுவி வந்து மேசையில் இருந்த அதே வாரம், சீருடையும் துவக்குமாக வீடுகளைச் சோதிக்க வந்தார்கள். அடையாள அட்டை பார்த்தார்கள், பொலிஸ் பதிவுத் துண்டு பார்த்தார்கள், எல்லாம் சரி. போகும்போது ஒருவர் கடித உறையைத் திறந்தார். துறைமுகத்தை ஏன் எடுத்தாய் என்று அண்ணாவைக் கேட்டார். "அது துறைமுகம் இல்லை, அது நான்" என்று நான் சிங்களத்தில் சொன்னேன். "போன கிழமை என் பிறந்தநாள்." அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான்கு படத்தையும் அண்ணாவையும் கொண்டுபோனார்கள்.

பதினொரு நாள். அம்மாவும் அப்பாவும் காலையில் போய் பொலிஸ் நிலைய வாசலில் நின்றுவிட்டுப் பின்னேரம் வருவார்கள். நான் வீட்டில் தனியே. மூன்றாம் நாள், குளியலறையில் ஒரு பிஸ்கட் தகரத்தை வைத்து, வீட்டில் இருந்த படங்கள் எல்லாவற்றையும் எரித்தேன். எதன் பின்னால் எது நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அம்மாவின் கல்யாணப் படத்துக்குப் பின்னால் ஒரு பாலம் தெரிந்தது. எங்களைக் குழந்தையாகத் தூக்கி வைத்திருந்த படத்தில் ஒரு ரயில் நிலையம். எல்லாவற்றையும் எரித்து, சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பிறகு வந்தவர்கள் எல்லோரிடமும், வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று சொன்னேன். ஆரணி சின்னவயதில் பள்ளிக்கூடத்துக்குக் குடும்ப மரம் ஒட்டவேண்டும் என்று என் படம் கேட்டபோது, யுத்தத்தில் போய்விட்டது என்றேன்.

ஆரணி நிமிர்ந்தாள்.

"மாமாவுக்கு என்ன நடந்தது?"

"வந்தார். பன்னிரண்டாம் நாள் தானே நடந்து வந்தார். மெலிஞ்சு, தாடியோட. படியில ஏறி வந்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமே? 'உன்ர வடிவைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் என்னைப் பிடிச்சவங்கள்.'"

அவள் சிரித்தாள். சிரிப்பின் பாதியில் முகம் மாறியது. தேநீரை என் பக்கம் தள்ளி, "குடியுங்கோ, ஆறுது" என்றாள். நான் எதிர்பார்த்தது கட்டிப்பிடித்து அழுவாள் என்று. அவள் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அன்றைய பக்கத்தில் எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நேரமும் இடமும் எழுதி, "தாய், இரண்டு குட்டி. படம் இல்லை" என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள்.

4

மூன்றாம் நாள் காலையில் நுழைவாயிலில் ஒரு கூத்து. உள்நாட்டவருக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவருக்கு ஒரு வரிசை. என் கையில் கனேடியக் கடவுச்சீட்டு. நான் வெளிநாட்டவர் வரிசையில் நின்று, சிங்களத்தில் கதைத்தேன். டிக்கட் தரும் பெடியன் என்னையும் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்து, எங்கே பழகிய சிங்களம் என்று கேட்டான். கொட்டாஞ்சேனை என்றேன்.

பக்கத்தில் நின்று பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். நேற்று நான் 'கமரா இல்லை' என்று சொன்ன அதே காவலர். என் கண் அவருடைய சப்பாத்துக்கு இறங்கியது.

அவர் சிரித்தார். தன்னுடைய தாய் ஒவ்வொரு வருடமும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருநாளுக்குப் போவார் என்றும், சின்னவயதில் தன்னையும் கூட்டிக்கொண்டு போய் கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஐஸ்கிறீம் வாங்கித் தருவார் என்றும் சொன்னார். எந்தக் கடை என்று நான் கேட்டேன். சொன்னார். அந்தக் கடை எனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அங்கே ஐஸ்கிறீம் வைத்திருக்கும் சிவப்பு வாளியைப் பற்றிக் கதைத்தோம். கதைத்துக்கொண்டிருக்கும்போதே என் கண் அவருடைய சப்பாத்தை விட்டுச் சட்டைக்கும், சட்டையை விட்டு முகத்துக்கும் ஏறியதை நான் உணர்ந்தேன். நாற்பது வயது இருக்கும். பல் ஒன்று கொஞ்சம் முன்னால். பதினாறு வருடமாகப் பல் பார்ப்பவர்களோடு இருக்கிறேன், கண் அங்கேதான் போகும்.

"நேற்று ஏன் கமரா இல்லை என்று சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"பழைய பழக்கம்" என்றேன். 'புருத்த' என்ற சிங்களச் சொல் எங்கிருந்தோ சரியாக வந்து விழுந்தது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். ரிஸ்வி நானாவைக் கூப்பிட்டு, எந்த வில்லுக் குளத்துக்குப் போகும் பாதையில், எத்தனையாவது வளைவில், எந்தப் பாலை மரத்தின் கீழே பழம் கொட்டிக் கிடக்கிறது என்று கையால் கோடு கீறிக் காட்டினார்.

அங்கே போய், காற்று எங்கள் பக்கம் வரும்படி ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அணைத்தோம். இரண்டு மணித்தியாலம். ஒரு மணி முடிய நான் கையில் இருந்த பிஸ்கட் பைக்கட்டைத் திறந்தேன். ஆரணியும் ரிஸ்வி நானாவும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்த பார்வையில் திரும்ப மூடினேன்.

வந்தது. முதலில் சத்தம், யாரோ தூசு உறிஞ்சும் மெசினைக் காட்டுக்குள் கொண்டுவந்து போட்டது போல. கரடி புற்றுக்குள் வாயை வைத்து உறிஞ்சும் சத்தம் அது என்று ரிஸ்வி நானா விரலால் காட்டினார். பிறகு பற்றை விலகியது. வாரிவிடாத கறுத்த மயிர், மார்பில் வெள்ளை வளைவு, நீண்ட நகங்கள், அழுக்கு வெள்ளை மூக்கு. வடிவு என்று சொல்லமுடியாது. நித்திரையால் எழும்பி வந்த ஒரு மனுசியைப்போல இருந்தது. முதுகில் இரண்டு குட்டிகள், ஒன்று தோளடியில் மயிரைப் பிடித்துக்கொண்டு, மற்றது இடுப்பில் எப்போது விழுவேன் என்பதுபோல.

அது மரத்தடிக்கு வந்து பழம் பொறுக்கத் தொடங்கியது. பின்குட்டி விழுந்தது. விழுந்த உடனே வீரிட்டுக் கத்தியது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை. தின்பதை மட்டும் நிறுத்தி அப்படியே நின்றது. குட்டி பின்காலைப் பிடித்து, சறுக்கி, மறுபடி பிடித்து, ஏறி, பழைய இடத்தில் வந்து குந்தியது. தாய் திரும்பத் தின்னத் தொடங்கியது. நான் இருந்திருந்தால் இறங்கித் தூக்கி, தூசி தட்டி, காயம் பட்டதா என்று பார்த்து, ஏன் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒரு அடியும் போட்டிருப்பேன்.

அப்போது ஒரு காட்டுப்பன்றி பழத்துக்கு வந்தது. நான் பன்றியைக் காணவில்லை, கரடியின் சத்தத்தைத்தான் கேட்டேன். அவ்வளவு பெரிய சத்தம் அந்த உடம்புக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நிமிர்ந்து, பாய்ந்து, நேரே எங்கள் பக்கமாக வந்தது. பன்றி எங்களுக்கும் அதற்கும் இடையில் ஓடியிருக்கிறது. ஜீப்புக்குப் பத்து யார் தூரத்தில் நின்றது. இரண்டு குட்டிகளும் முதுகில்தான் இருந்தன, ஒன்று தலைகீழாக. தாய் மூக்கை உயர்த்தி எங்களை மணந்தது. அதன் மூச்சை நான் கேட்டேன்.

நான் கத்தவில்லை. ஆனால் முன்னால் இருந்த ரிஸ்வி நானாவின் சட்டைக் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்து இறுக்கியிருக்கிறேன். அவருடைய மேல் பொத்தான் தெறித்துப் போனது பிறகுதான் தெரிந்தது.

ஆரணி அசையவில்லை. கமரா அவளுடைய கண்ணோடு இருந்தது, விரல் மட்டும் வேலை செய்தது. உதடு அசையாமல் எனக்குச் சொன்னாள்: "அம்மா, மூச்சு விடுங்கோ."

விட்டேன்.

கரடி திரும்பி மரத்தடிக்குப் போனது. ஆரணி இன்னும் சில படங்கள் எடுத்தாள். பிறகு கமராவைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். நேரம், காற்று, எந்தக் குட்டி எத்தனை தடவை இறங்கியது, எத்தனை அடி நடந்தது. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கோப்பையைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போகிறவள், கதவுத் திறப்பை மாதத்துக்கு இரண்டு முறை தொலைக்கிறவள். ஒரு எழுத்தும் பிசகாமல், அவசரப்படாமல் எழுதினாள். கரடி போன பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மகளுக்குக் கை வந்திருக்குது அக்கா" என்றார் ரிஸ்வி நானா, கழுத்தைத் தடவிக்கொண்டு. "உங்களுக்கும் நல்லாத்தான் கை வந்திருக்குது."

5

வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்த அன்று அண்ணா கடற்கரை ஒழுங்கையால் கையில் இடியப்பப் பார்சலோடு வந்தார். அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. போனில் எதையும் படம் எடுப்பார், மழை, மீன், வீதியில் தோண்டிய கிடங்கு, எல்லாவற்றையும் எனக்கு எட்மண்டனுக்கு அனுப்புவார். ஆரணி படங்களைக் காட்டினாள். பிறகு நான் தடுக்கமுதல் கமராக் கதையையும் சொன்னாள். பிஸ்கட் தகரத்தையும் சொன்னாள்.

அண்ணா சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்பாதான் எரிச்சவர் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சன்."

"நான்தான்" என்றேன்.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

"அந்தப் பம்பலப்பிட்டி ஸ்ரூடியோவில நான் தொப்பி போட்டு எடுத்ததுமோ?"

"ஓம்."

"அப்ப நல்ல காரியம்" என்று சொல்லி ஒரு இடியப்பத்தை எடுத்தார். "அதைக் கண்டிருந்தால் உன்ர மச்சாள் என்னைக் கட்டியிருக்கமாட்டாள்."

சிரித்தோம். ஆனால் கைகழுவப் போனவர் குழாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வந்து என் தலையில் ஈரக் கையால் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதைப் பற்றி நாங்கள் வேறு கதைக்கவில்லை, இனியும் கதைக்கமாட்டோம்.

அடுத்த நாள் ஆரணி கேட்டாள். "நாலு நாள் முடிஞ்சுது அம்மா. சொல்லுங்கோ."

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதற்கென்று ஒரு வழி இருக்கிறதே, பாதி. "மூண்டு மாசம் நில்" என்றேன். "பிறகு பாப்பம்."

அவள், "சரி, தாங்க்ஸ்" என்றாள். கடையில் மிச்சக் காசு வாங்கும்போது சொல்லும் 'தாங்க்ஸ்' அது. அன்றே விசா நீடிப்புப் படிவத்தில் மூன்று மாதம் என்று எழுதினாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது, நான் துணைக்குப் போவதாக ஏற்பாடு.

6

நேற்று, வெள்ளிக்கிழமை, குடிவரவுத் திணைக்களம். இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வரிசைக் கதிரைகளில் இருந்தோம். ஒரு கருமபீடத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து போட்டோக்கொப்பி எடுக்கக் கீழே, திரும்ப மேலே. முன்பு இப்படியான இடங்களுக்கு வரும்போது கைப்பையைத் திறந்து மூடித் திறந்து மூடி, கடிதங்களை நூறு தரம் சரிபார்ப்பேன். நேற்றும் பார்த்தேன். ஒரு இருபது தரம்தான்.

ஆரணி குறிப்புப் புத்தகத்தில் கட்டம் கீறிக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு பக்கம், இருபத்தாறு பக்கம் ஏற்கெனவே கீறி இலக்கமிட்டிருந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு குட்டிகளுக்கும் தனித்தனி நிரல்: முதுகில் இருந்த நேரம், நிலத்தில் நடந்த நேரம். பதின்மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு வந்தவற்றை ஒரு கிளிப் போட்டு ஒன்றாகப் பூட்டியிருந்தாள். கிழிக்கவில்லை.

எங்கள் இலக்கம் வந்தது. கருமபீடத்தில் ஒரு இளம் பெண் அதிகாரி. படிவத்தையும் ஆய்வுக் குழுவின் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். நிமிர்ந்து, ஆரணியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, அவள் விழிப்பதைக் கண்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

கடிதத்தில் ஆறு மாதம் என்று இருக்கிறது. படிவத்தில் மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எது சரி? மூன்று என்றால் முடிந்ததும் திரும்ப வந்து வரிசையில் நிற்கவேண்டிவரும்.

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா?"

"நான் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்."

"பிள்ளை தனியாகவா?"

"என் அண்ணா வெள்ளவத்தையில் இருக்கிறார்."

"காட்டில் என்ன வேலை?"

"வலஸ்ஸு பலன்ன" என்றேன். கரடி பார்க்க. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பகிடி விடவில்லை என்று தெரிந்ததும், "பயமில்லையா?" என்றார்.

"எனக்குப் பயம். அவளுக்கு இல்லை."

ஆரணி என் வாயையும் அதிகாரியின் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி, "ஏதும் பிரச்சினையோ அம்மா?" என்று முழங்கையால் இடித்தாள். "பொறு" என்றேன்.

அதிகாரி பேனா முனையை அந்தக் கட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் யாரோ இருமினார்கள். நான் கண்ணாடித் தட்டியின் சின்ன வட்ட ஓட்டைக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன்.

"மாஸ ஹயக், மிஸ்."

அவர் மூன்றைக் குறுக்கே வெட்டினார். பக்கத்தில் ஆறு என்று எழுதினார். வெட்டித் திருத்திய இடத்தில் விண்ணப்பதாரி கையெழுத்து வைக்கவேண்டும் என்று சொல்லி, படிவத்தைத் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டி, ஆரணியின் பக்கம் தள்ளினார்.

ஆரணி பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். வெட்டிய மூன்றையும் பக்கத்தில் இருந்த ஆறையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணாடியில் மூக்கை அழுத்தியிருந்த வயதுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் காணவில்லை.

"அம்மா... நீங்களோ சொன்னீங்கள்?"

"வடிவாக் கையெழுத்தை வை பிள்ளை" என்றேன். "பின்னால ஆக்கள் நிக்கினம்."